கடலுக்கடியில் சில தட்டுகள்

“படிச்ச பிள்ளை, எதுக்குப்பா கடல்ல இறங்குற?” - தேக்கா சந்தையில் அம்மாவின் தோழிகள் கேட்பது வழக்கம்.

கப்பலின் அடிப்பகுதியைச் சோதிப்பது என் பிழைப்பு. கலங்கிய நீரில் கண்ணைவிடக் கைதான் பார்க்கும். 2015ல் பெட்ரா பிராங்கா அருகே சில பீங்கான் தட்டுகளைத் தற்செயலாகக் கண்டவர்களும் முக்குளிப்பாளர்களே. ஆய்வாளர்கள் இறங்கினார்கள், 14ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று தெரியவந்தது. அதே வட்டாரத்தில் பிறகு இன்னொன்று: சீனாவிலிருந்து இந்தியாவுக்குப் போகையில் 1796ல் மூழ்கிய ‘ஷா முன்ச்சா’.

எங்கள் தொழிலில் வேகத்துக்குத்தான் மதிப்பு. அகழாய்விலோ, கிடந்த இடத்தைக் குறிக்காமல் ஒரு பீங்கான் துண்டை எடுத்தாலும் அதன் கதை போயிற்று. அந்தப் பொறுமையைப் படிக்க, 36 வயதில் மறுபடி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கரையில் வேலை தேடுவேன் என்று காத்திருக்கும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.