பிரைமரில் எத்தனை சொட்டு தின்னர்?

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் புராஜெக்ட் ரிப்போர்ட், திருமண அழைப்பிதழ், ரேஷன் கார்டு நகல் என்று எவ்வளவோ அச்சிட்டிருக்கிறோம். 2025ஆம் ஆண்டின் கடைசியில் நான் அச்சிட்டது ஒரு விமானத்தின் எண்.

என் அப்பா விமானப்படையில் தரைப் பணியாளராக இருந்தவர். அவர் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டது மிக்-21. 1963இல் நம் படைக்கு வந்த அந்த விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுத்தார்கள். டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டு, தன் கையால் பழுது பார்த்த ஒரு விமானத்தின் எண்ணை மட்டும் சொன்னார் அப்பா. மறுநாளே 1/72 அளவு பிளாஸ்டிக் கிட் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன். கிட்டில் அந்த எண் இல்லை. அதை டிகால் பேப்பரில் நானே அச்சிட்டு ஒட்ட முடிவு செய்தேன்.

பாகங்களை ஒட்டுவது எளிதாக முடிந்தது. சிக்கல் ஏர் பிரஷ்ஷை எடுத்தபோது தொடங்கியது.

முதல் தவறு

பிரைமரைக் கலக்கத் தெருமுனை பெயிண்ட் கடையில் என்.சி. தின்னர் வாங்கினேன். மர வேலைக்குப் பயன்படுத்துவது, விலையும் குறைவு. அடித்த பத்தாவது நிமிடம் இறக்கையின் மேல்பரப்பு சுருங்கிச் சொரசொரப்பாகிவிட்டது. கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். இதுபோன்ற தின்னர்களில் உள்ள கடுமையான கரைப்பான்கள் அதைக் கரைத்துவிடும். 600, 1000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மாலைகள் ஆயின.

இதில் கற்றது: எவ்வளவு தின்னர் என்று கேட்கும் முன், எந்தத் தின்னர் என்று கேளுங்கள்.

எதற்கு எது?

மாடல் பெயிண்ட்களில் நமக்கு முக்கியமானவை இரண்டு குடும்பங்கள். முதலாவது லாக்கர் வகை. மிஸ்டர் சர்ஃபேசர் 1000 இந்த வகைப் பிரைமர். அதற்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் பொருத்தம். இதில் உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்திருப்பதால் பெயிண்ட் தானாகப் பரவிச் சமமாகும்.

இரண்டாவது தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் வகை. வயேஹோ பிரைமர் இதில் சேரும். இதைக் கலக்காமலே அடிக்கலாம். தேவைப்பட்டால் அதே நிறுவனத்தின் தின்னரைச் சில சொட்டு மட்டும் சேருங்கள். ஆல்கஹாலோ லாக்கர் தின்னரோ ஊற்றினால் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகி, ஏர் பிரஷ்ஷின் வாயை அடைத்துவிடும்.

அளவு என்ன?

0.3 மி.மீ. நாசிலுக்கு நான் பயன்படுத்தும் அளவுகள் இவை:

சர்ஃபேசர் 1000: ஒரு பங்குக்கு ஒன்று முதல் ஒன்றரை பங்கு தின்னர்.
ஜி.எக்ஸ். 100 லாக்கர் கிளியர்: ஒரு பங்குக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னர்.
காற்றழுத்தம்: 15 முதல் 20 பி.எஸ்.ஐ.
தூரம்: 10 முதல் 15 செ.மீ.

இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டில் பழையதாக இருந்தால் உள்ளே கெட்டியாகியிருக்கும். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியில் கலந்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பாலைப் போல வழிந்து, சுவரில் மெல்லிய படலம் நின்றால் பதம் சரி. பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். பரப்பு தூசி படிந்ததுபோல் இருந்தால் பெயிண்ட் வழியிலேயே உலர்கிறது. தின்னர் கூட்டுங்கள் அல்லது அருகில் பிடியுங்கள். சிலந்திக் கால்போல ஓடினால் தின்னர் அதிகம், அல்லது அழுத்தம் அதிகம்.

1/72 அளவில் மிக்-21 சுமார் 20 செ.மீ. நீளம்தான். தகடுகள் சேரும் கோடுகள் தலைமுடி அளவு மெல்லியவை. பிரைமர் கெட்டியாக விழுந்தால் அவை அடைபட்டுப் போகும். ஆகவே ஒரே தடவையில் மூடப் பார்க்காமல், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள்.

எண்ணைக் காப்பாற்றுவது

டிகாலைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் ஒட்ட வேண்டும். இங்க்ஜெட் மையோ தண்ணீர் பட்டால் கரையும். எனவே அச்சிட்ட தாளை ஓரிரவு காயவிட்டு, லாக்கர் கிளியரைப் பனிபோல மூன்று முறை அடித்தேன். ஒவ்வொரு முறையும் நன்றாக உலரவிட்டேன். தண்ணீர் சார்ந்த கிளியரை இங்கே பயன்படுத்தினால் மை கலங்கிவிடலாம். ஒட்டிய பிறகும் இதே எச்சரிக்கை தேவை. லாக்கர் கிளியர் ஈரமாக, கனமாக விழுந்தால் டிகால் சுருங்கும்.

சென்னையின் நவம்பர்

கடைசிக் கிளியர் கோட்டை மழை நாளில் அடித்தேன். பளபளக்க வேண்டிய பரப்பு வெள்ளையாக மங்கிவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. எண் போயிற்று என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, வெயில் வந்ததும், லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லிய பனியாக அடித்தேன். பூச்சு இளகி, ஈரம் வெளியேறி, எண் தெளிவாகத் தெரிந்தது. கம்ப்ரஸரின் நீர்ப்பொறியில் தேங்கிய தண்ணீரையும் அவ்வப்போது வெளியேற்றுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சாதாரண என்95 முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, ஊதுவத்தி அருகே அடிக்கவே கூடாது.

மாடலைக் கையில் கொடுத்தபோது அப்பா முதலில் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். அது அவர் தொழில் பழக்கம். பிறகு எண்ணின் விளிம்பை நகத்தால் தடவினார். "தனியா ஒட்டின மாதிரியே தெரியலடா" என்றார். நீங்களும் முதலில் ஒரு ஸ்பூனில் தொடங்குங்கள்.