கல்லடைப்பு: சத்திரசிகிச்சையும் அதன் பின்னரும்

அரிவுவெட்டுக் காலம் வந்துவிட்டால், விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு, இருக்கவும் மாட்டாது படுக்கவும் மாட்டாது துடிக்கும் கமக்காரர் ஒருவரையேனும் வன்னியின் வைத்தியசாலைகளிற் காணலாம். நோவு முதுகின் ஒரு பக்கத்திலே தொடங்கி, அடிவயிற்றுக்கு இறங்கி, அரையிடுக்கு வரை ஓடும், வாந்தி வரும், சிறுநீர் சிவந்து போதலும் உண்டு. நம் முன்னோர் இதனைக் கல்லடைப்பு என்றனர். பெயர் மிகப் பொருத்தமானது. சிறுநீரகத்தினுள்ளே அசையாது கிடக்கும் கல் பல்லாண்டு நோவின்றி இருத்தல் கூடும். அது சிறுநீர்க்கானுள் இறங்கி வழியை மறிக்கும்போதே இந்நோவு பிறக்கின்றது. துன்பத்தைச் செய்வது கல்லினும் அடைப்பே எனலாம்.

எமது கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர், இந்நோய்க்குச் செம்மையான சத்திரசிகிச்சை பெற்றும், பின்னர் ஒரு சிறுநீரகத்தை இழக்கும் நிலைக்கு வந்தார். அவர் கதையைப் பின்னர்க் கூறுவோம். சத்திரசிகிச்சையின் பயன் சத்திரசிகிச்சைக்கூடத்துள் மாத்திரம் முடிவாவதன்று என்பதை நாம் அவராலேயே அறிந்தோம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே இனங்காணப்பட்டு, வவுனியா மாவட்டத்திலும் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, கல்லடைப்பு வேறு. முன்னையது நோவின்றி மெல்ல மெல்ல இரு சிறுநீரகங்களையும் அழிப்பது. அதன் காரணம் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. பின்னையதன் காரணத்தைப் பெரும்பாலும் அறிவோம். காலத்தோடு அடைப்பை நீக்கினால் சிறுநீரகம் தப்பிவிடும். முன்னைய நோய் உலவும் நிலத்திலே, காக்கத்தக்க சிறுநீரகமொன்றைக் கவனக்குறைவினால் இழப்பது இருமடங்கு இழப்பாகும்.

இனி, கல் எவ்வாறு உண்டாகின்றது? சிறுநீரிலே கரைந்திருக்கும் உப்புக்கள் அளவுக்கு மிஞ்சிச் செறியும்போது பளிங்குகளாகப் படிகின்றன. அப்பளிங்குகள் ஒன்றோடொன்று பற்றி வளர்ந்து கல்லாகின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோகண சந்திரஜித்தும் அவருடைய குழுவினரும் இலங்கையின் சில பகுதிகளிலிருந்து பெற்ற கற்களைப் பகுத்தாராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரையிலே, கல்சியம் ஒட்சலேற்று, கல்சியம் பொசுபேற்று, யூரிக்கமிலம் என்பனவே பெரும்பான்மையான கூறுகள் எனக் கண்டனர். உலகின் பிற பாகங்களிலும் கல்சியம் ஒட்சலேற்றே முதலிடம் பெறுவது.

கல்சியம் என்றவுடன் நம்மவர் கேத்திலின் அடியிற் படியும் வெண்மையான காறையை நினைப்பர். “எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத்தண்ணீர், அதனாலேதான் வருகிறது” என்று கூறாத ஊர் வன்னியில் இல்லை. கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் ஆராய்ச்சி இதனை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அமெரிக்காவிலே வன்னீர் அருந்தும் பிரதேசங்களையும் மென்னீர் அருந்தும் பிரதேசங்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வொன்று, நீரின் வன்மைக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறிது எனக் கண்டது. தண்ணீர் எத்தகையது என்பதிலும் எவ்வளவு என்பதே பெரிய வினா. வெயிலிலே வியர்வையாக நீர் போக, குடிப்பதோ இரண்டு குவளை தேத்தண்ணீர் என்றால், சிறுநீர் சுருங்கிச் செறிவது இயல்பு. கிணற்றைப் பழித்து நீரைக் குறைவாகக் குடிப்பவர் தம் கல்லைத் தாமே வளர்ப்பவராவர்.

கல்லை அறுத்தெடுக்கும் முயற்சி மிகப் பழையது. சுசுருத சங்கிதை சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றது. கிரேக்க வைத்தியரின் உறுதிமொழியோ, கல்லுக்காக வெட்டேன், அதனை அத்தொழில் வல்லாரிடமே விடுவேன் என்கின்றது. நம்மூர்ப் பரம்பரை வைத்தியர் சிறுபீளை, நெருஞ்சில், வாழைத்தண்டு முதலியவற்றைக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; சத்திரவைத்திய நூலொன்றை ‘இரணவைத்தியம்’ என்னும் பெயரில் 1867இல் தமிழிற் பதிப்பித்தார். இச்செய்தியை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணமுண்டு, பின்னர் விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், சிறுநீரகக் கல் என்றால் விலாவோரமாக நீண்ட வெட்டும், பல வாரப் படுக்கையும் என்றே பொருள். அடுத்தடுத்து வந்த மூன்று முறைகள் அதனை மாற்றின. சுவீடனிலே பெர்ன்ஸ்ட்றோம், யொகான்சன் என்னும் இருவர், முதுகிலே சிறு துளையிட்டு அதன்வழியே கல்லை எடுத்ததை 1976இல் வெளியிட்டனர். டோர்னியர் என்னும் ஜேர்மன் விமான நிறுவனத்தின் பொறியியலாளர் அதிர்வலைகளை ஆராய்ந்தபோது கிடைத்த அறிவைக் கொண்டு, கிறிஸ்ரியன் சௌசி என்னும் வைத்தியர் 1980ஆம் ஆண்டு பெப்புருவரி 7ஆந் திகதி மியூனிக் நகரிலே முதல் நோயாளிக்கு உடலை வெட்டாமலே கல்லை உடைத்தார். அந்நோயாளி நீர் நிறைந்த தொட்டியில் அமர்த்தப்பட்டார். வெளியிலெழுந்த அதிர்வலை நீரினூடாகச் சென்று கல்லின்மேற் குவிந்தது. மூன்றாவது, சிறுநீர் வெளிவரும் வழியாலேயே நுண்ணிய தொலைநோக்கியைச் செலுத்திச் சிறுநீர்க்கானிலுள்ள கல்லை லேசர்க்கதிரால் உடைக்கும் முறை. பெருங்கல்லுக்குத் துளைவழி, சிறுநீர்க்கானிற் சிக்கியதற்குத் தொலைநோக்கி, சிறுநீரகத்திலுள்ள நடுத்தரக் கல்லுக்கு அதிர்வலை அல்லது தொலைநோக்கி என்று பருமட்டாகக் கொள்ளலாம்.

எது சிறந்தது என்று கேட்போர் பலர். இவ்வினாவுக்கு விடை கூறுமுன், ஒன்றுஞ் செய்யாதிருந்தால் என்ன நிகழும் என்பதை அறிதல் வேண்டும். 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத சிறுநீர்க்கான் கற்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 68 தாமாகவே விழுந்துவிடுகின்றன. 5 முதல் 10 மில்லிமீற்றர் வரையானவற்றில் 47 அளவில் விழுகின்றன. ஆகவே எந்த மருந்தைக் கொடுத்தாலும், எந்த மூலிகையை அரைத்துக் குடித்தாலும், பெரும்பாலானோர் குணமடைந்ததாகவே தோன்றும். பிரித்தானியாவிலே 1167 நோயாளரைச் சேர்த்து நடத்தி 2015இல் வெளியிட்ட சோதனை இதனை நன்கு காட்டிற்று. சிறுநீர்க்கானைத் தளர்த்தும் மருந்துகளான ரம்சுலோசின், நிபெடிப்பின் என்பவற்றைப் பெற்றோரிலும், மருந்தில்லா வெறுங்குளிகையைப் பெற்றோரிலும் நூற்றுக்கு 80 பேரளவில் நான்கு கிழமைக்குள் வேறு சிகிச்சை வேண்டாதிருந்தனர். 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்டுச் சிறுநீர்க்கானின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கல்லுக்கு இம்மருந்து உதவலாம் என்று கருதி வைத்தியர் இன்றும் அதனைக் கொடுக்கின்றனர். அது தவறன்று. எனினும், ‘என் மருந்தால் எண்பது பேர் பிழைத்தனர்’ என்று எவர் கூறினும், ஒன்றுங் கொடாதிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று கேட்கும் பழக்கம் எம்மாணவர்க்கு வருதல் நன்று.

சிகிச்சை வேண்டிய சிறுநீர்க்கான் கற்களில், அதிர்வலையையும் தொலைநோக்கியையும் ஒப்பிட்ட மற்றொரு பிரித்தானியச் சோதனையிலே, அதிர்வலை பெற்றோரில் 100க்கு 22 பேருக்கும் தொலைநோக்கி பெற்றோரில் 100க்கு 10 பேருக்கும் மேலதிக சிகிச்சை வேண்டியதாயிற்று. இதனால் அதிர்வலையைத் தள்ளிவிடுதல் ஆகாது. ஐவரில் நால்வரளவில் மயக்கமருந்தும் வெட்டுமின்றித் தப்பினர் என்றும் இதனையே வாசிக்கலாம். ஆயினும், வைத்தியசாலைக்கு மீண்டும் வருதல் என்பது நகரவாசிக்கு ஒன்று, முல்லைத்தீவின் உட்கிராமத்தவருக்கு வேறொன்று. ஒரு நாட் கூலியும், இரண்டு பஸ் மாறும் அலைச்சலும் இலக்கங்களுள் அடங்குவதில்லை.

இங்கு இன்னொரு பொறியும் உண்டு: நோவு நின்றால் நோய் நின்றது என எண்ணுவது. கல் முழுதும் அடைத்துச் சிலநாட் கழிந்தபின், அழுத்தங் குறைந்து நோவு அடங்குதல் கூடும். உள்ளே சிறுநீரகம் மெல்லச் செயலிழந்துகொண்டிருக்கும். கல்லின் பருமனும் நோவின் அளவுக்குச் சான்றன்று. கொழும்பு இராணுவ வைத்தியசாலையிலே வைத்தியர் கே. சுதர்ஷன் தலைமையில் 2023ஆம் ஆண்டு யூன் மாதம் 1ஆந் திகதி ஒருவரின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட கல் 13.372 சென்ரிமீற்றர் நீளமும் 801 கிராம் நிறையும் உடையதாயிருந்து, உலகிற் பெரியதெனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அத்துணைப் பெருங்கல்லைத் தாங்கியும் அச்சிறுநீரகம் இயங்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. அதிலும், அடைப்போடு குளிர்காய்ச்சலுஞ் சேர்ந்தால் விடியும்வரை காத்திருத்தலும் தகாது. தேங்கிய சிறுநீரிலே கிருமி பெருகி இரத்தத்திற் கலப்பின் ஒரு நாளிலேயே உயிர் போகலாம். அவ்வேளையில் முதல் வேலை கல்லை எடுப்பதன்று, அடைபட்ட சிறுநீரை வடியவிடுவதே.

இனி நண்பர் கதை. அவர் கமஞ் செய்பவர். தூர நகரொன்றின் வைத்தியசாலையிலே தொலைநோக்கியால் அவர் கல் உடைக்கப்பட்டது. வீக்கம் தணியுமட்டும் சிறுநீர் தடையின்றி இறங்கும்படி, இரு நுனியும் சுருண்ட மெல்லிய குழாயொன்றை உள்ளே வைத்தனர். ஸ்ரென்ற் என்பது இதுவே. சில கிழமைகளில் அதனை எடுத்துவிட வேண்டும். வீடு செல்லும்போது கொடுத்த துண்டிலே அச்செய்தி ஆங்கிலத்தில், இரண்டு எழுத்துச் சுருக்கத்தில், ஒரு மூலையில் எழுதப்பட்டிருந்தது. நண்பர் துண்டைப் பெட்டியில் வைத்தார், காலபோகம் தொடங்கிற்று. நோவில்லை, ஆகவே நினைவுமில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் காய்ச்சலோடு எம்மிடம் வந்தபோது எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்திலே, அக்குழாயின் இரு நுனியிலும் முட்டையளவு கல் கட்டியிருந்தது. முதுகிலே துளையிட்டும் கீழ்வழியாகவும் மும்முறை சத்திரசிகிச்சை செய்தே அதனை எடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் பாதிப் பலத்தோடு மிஞ்சியது.

இது விதிவிலக்கான விபத்தன்று. ரியாத் நகரிலே கல்நோயாளருக்கு வைத்த ஸ்ரென்ற்களை ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட கணக்கு இது: ஆறு கிழமைக்குள் எடுத்தவற்றில் 100க்கு 9, ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் 47, பன்னிரண்டு கிழமைக்கு மேல் 76 என்ற அளவிற் கல் படிந்திருந்தது. கல் கட்டும் இயல்புடைய உடம்பிலே வைக்கும் எப்பொருளிலும் கல் கட்டும், இதில் வியப்பில்லை. வியப்பு யாதெனின், 1867இலேயே சத்திரவைத்தியத்தைத் தமிழில் அச்சிட்ட நாட்டிலே, ‘உமது உடம்பினுள் ஒரு குழாய் இருக்கின்றது, இன்ன திகதிக்குள் எடுத்துவிடுக’ என்னும் ஒரு வரியை நோயாளிக்கு அவர் மொழியில் எழுதிக்கொடாமையே. குற்றத்தை வைத்தியர்மேல் மட்டுஞ் சுமத்துதல் நீதியன்று. நெரிசலும் ஆட்குறைவும் நாம் அறிந்தவை. ஆயினும் வைத்தியத்துறையிலிருக்கும் எமது பழைய மாணவர் இவ்வொரு வரியை எழுதத் தொடங்குவாராயின், புதிய கருவி ஒன்று வாங்குவதிலும் பயன் பெரிதாகும். நோயாளியும் வீட்டாரும் வெளியேறுமுன், “உள்ளே ஏதேனும் வைத்திருக்கிறீர்களா? எப்போது எடுப்பீர்கள்?” என்று கேட்டல் வேண்டும்.

கல் ஒருமுறை வந்தால் மறுமுறை வருதல் மிகுதி. இத்தாலியிலே போர்கி என்பாரும் குழுவினரும் முதன்முறை கல் கண்டோரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து 1996இல் வெளியிட்டனர். மிகுதியாக நீர் அருந்தி, நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்கு மேற் சிறுநீர் கழித்த 99 பேரில் 12 பேருக்கும், வழக்கம்போல் இருந்த 100 பேரில் 27 பேருக்கும் கல் திரும்பிற்று. இவர்களே 2002இல், கல்சியத்தைக் குறைத்துண்ட 60 பேரில் 23 பேருக்கும், கல்சியத்தைக் குறையாது உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கும் கல் திரும்பியதைக் காட்டினர். ஆகவே கல்லுக்குப் பயந்து பாலையும் தயிரையும் விலக்குவது பிழை. உணவிலுள்ள கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்து வெளியேற்றுவது. குறைக்கத்தக்கது கருவாடும் ஊறுகாயும் உப்பிட்ட பொரியலுமே. தேசிக்காய்ச் சாறு சிறுநீரிலே சித்திரேற்றைக் கூட்டிப் பளிங்கு வளர்வதைத் தடுக்கும். சீனியின்றிக் குடித்தல் நன்று. ஆனால், புளிப்பெல்லாம் நல்லதென்று பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கெட்டியாகக் குடிக்க வேண்டா. கேரளத்திலே அவ்வாறு குடித்த பத்துப் பேருக்கு ஒட்சலேற்று நிறைந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013இல் அங்குள்ள வைத்தியர் எழுதினர்.

வயலுக்குச் செல்வோர் காலையில் வீட்டிலிருந்தே நீர்ப் போத்தலை எடுத்துச் செல்லல் வேண்டும். வெயில் நாளில் மூன்று லீற்றரும் போதாது. இருதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் உடையோர் மாத்திரம் அளவை வைத்தியரிடம் கேட்டறிக. மாலையிற் கழியும் சிறுநீர் வைக்கோல் நிறத்திலும் கடுமையாக இருந்தால் அன்று குடித்தது போதாது. கல் தானே விழுந்தால் அதனை எறியாது சிறு போத்தலில் இட்டு வைத்தியரிடம் கொண்டுசெல்க. யூரிக்கமிலக் கல்லாயின் அதனை மருந்தாலேயே கரைக்கலாம்.