முட்டைக்கோழியின் நெஞ்செலும்பு

கோழி அறுத்துச் சுத்தம் செய்தவர்களுக்கு அந்த எலும்பைத் தெரிந்திருக்கும். நெஞ்சின் நடுவே, தோணியின் அடிக்கட்டை போல நீளமாகத் துருத்தி நிற்பது. சிறகடிக்கும் தசைகள் அதைப் பற்றிக்கொண்டுதான் இயங்குகின்றன. பண்ணை முட்டைக்கோழிகளில் இது சர்வசாதாரணமாக முறிந்துபோகிறது.

எந்த அளவுக்கு? டென்மார்க்கில் 40 பண்ணைக் கூட்டங்களின் 4,794 கோழிகளைச் சோதித்து 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கூண்டில்லாத கொட்டகைகளில் 53 முதல் 100 சதவீதம் வரை முறிவு. வசதி கூட்டிய பெரிய கூண்டுகளில் 50 முதல் 98. பழைய நெருக்கடிக் கூண்டுகளை 2012 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துவிட்டது. கோழிக்கு நடக்கவும் பறக்கவும் இடம் கிடைத்தது. கால், சிறகு எலும்புகள் வலுத்தன. நெஞ்செலும்பு மட்டும் தப்பவில்லை.

பரணிலிருந்து விழுவதும் கம்பியில் மோதுவதும்தான் காரணம் என்று வெகுநாள் நம்பினார்கள். அதில் உண்மை உண்டு. சுவிட்சர்லாந்தில் பல அடுக்குக் கொட்டகைகளில் அடுக்குகளுக்கு இடையே சாய்தளம் வைத்தபோது முறிவு குறைந்தது. ஆனால் விழவும் மோதவும் அதிக இடமில்லாத கூண்டிலும் ஏன் முறிகிறது?

கோழியின் உடலுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் தேவை. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. அப்போது கோழி தீனி எடுப்பதில்லை. அதனால் எலும்பிலிருந்து கடன் வாங்குகிறது. இதற்கென்றே கால் எலும்புகளின் உட்குழிவில் ஒரு தற்காலிக எலும்பு இருக்கிறது. பருவமடைந்து ஈஸ்ட்ரோஜன் கூடியதும், உடலைத் தாங்கும் எலும்பைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, செல்கள் இந்தச் சேமிப்பு எலும்பைக் கட்டத் தொடங்குகின்றன. தாங்கும் எலும்போ, நெஞ்செலும்பு உட்பட, கரைந்துகொண்டே போகிறது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையோடு நிறுத்திக்கொள்ளும். இடைவெளியில் எலும்பு தேறிவிடும். பண்ணைக்கோழி முந்நூறுக்கு மேல் இடுகிறது. இடைவெளி ஏது?

போதாததற்கு, அது 18, 20 வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கும்போது நெஞ்செலும்பின் பின்நுனி இன்னும் குருத்தெலும்புதான். டென்மார்க்கில் கண்ட முறிவுகளில் பெரும்பாலானவை அந்த நுனியில். தாமதமாக முட்டைக்கு வந்த கூட்டங்களில் முறிவு குறைவு. ஜெர்மனியில் ஹார்மோன் மருந்தால் முட்டையிடுதலையே நிறுத்திப் பார்த்தார்கள். முறிவு வெகுவாகக் குறைந்தது.

கோழிக்கு வலிக்கிறதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் முறிவுள்ள கோழிகளுக்கு வலிநிவாரணி கொடுத்தார்கள். பரணிலிருந்து இறங்கத் தயங்கியவை விரைவாக இறங்கின. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சாய்தளமும் நல்ல தீனியும் கொஞ்சம் உதவும். கோழியை இரண்டு மூன்று வாரம் தாமதமாக முட்டைக்குக் கொண்டுவரலாம். அந்த நாட்களின் தீனிச் செலவு பண்ணைக்காரர் தலையில். எலும்பு வலுத்த கோழியைத் தேர்ந்து பெருக்குவது அவர் கையிலும் இல்லை. உலகின் முட்டைக்கோழிக் குஞ்சுகளில் பெரும்பகுதிக்கு மூலமான இனங்களை வைத்திருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள்தான்.