கரடியின் இயல்பும் குடியானவர்கள் கொள்ளவேண்டிய எச்சரிக்கையும்

நீலகிரி, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை முதலிய காடுகளை அடுத்த கிராமங்களில் கரடியால் மனிதர் காயமடைவதுண்டு. அது மனிதரை இரையாகக் கருதிப் பாய்வதன்று. பாயும் காரணத்தை அறிந்தால், தப்பும் வழியும் எளிதில் விளங்கும்.

நமது காடுகளிலுள்ள கரடி நீண்ட கருமயிரும், மார்பில் வெண்மையான வளைகுறியும் உடையது. ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை நிறையுள்ளது, பெண் சிறியது. கறையானும் எறும்பும் இதன் பிரதான ஆகாரம். மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இதற்கு இல்லை. வளைந்த நகங்களால் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, அப்பல்லிடைவெளியின் வழியே கறையானை உறிஞ்சும். அவ்வோசை 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். நாவல், இலந்தை, அத்தி, சரக்கொன்றை இவற்றின் கனிகளும் தேனும் இதற்கு மிக விருப்பமானவை. பலாவும் நிலக்கடலையும் இதனைத் தோட்டங்களுக்கு இழுக்கும்.

கரடிக்கு மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். இரை உறிஞ்சும் இரைச்சலில் ஆள் வரும் அரவம் அதற்குக் கேளாது. ஆளைத் திடீரென அருகிற் கண்டால் அஞ்சிப் பாயும். புலியும் சிறுத்தையும் உலவும் காட்டில் எதிர்த்து நிற்பதே அதன் தற்காப்பு. குட்டிகளை முதுகிற் சுமந்து செல்லும் தாய்க்கரடி மிகவும் அபாயகரமானது.

ஆகவே குடியானவர்கள் கவனிக்கவேண்டியவை:

1. அந்தியிலும் விடியற்காலையிலும் காட்டோரம் தனியே செல்லலாகாது. பேசிக்கொண்டோ, தடியால் தட்டிக்கொண்டோ விளக்குடன் செல்க.

2. வரப்பிலும் வழியோரத்திலும் அடர்ந்த புதர்களை அகற்றுக.

3. உதிர்ந்த பலாப்பழங்களை அன்றன்றே அப்புறப்படுத்துக. எண்ணெய், வெல்லம் முதலியவற்றைப் பத்திரமாக மூடி வைக்க.

4. கைப்பிடிச் சுவரற்ற கிணறுகளுக்குச் சுவர் எழுப்புக. கரடியும் கால்நடையும் அவற்றில் விழுவதுண்டு.

5. கரடியைக் கண்டால் கல்லெறிவதும் கூட்டமாகச் சூழ்வதும் கூடாது. அது விலகிச் செல்ல வழிவிடுக.

வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் வெடி வைப்பதும் மனிதரையும் மாட்டையும் கொல்லும். மேலும், 1972-ம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கரடி சேர்க்கப்பட்டிருப்பதால், அதனைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றமாகும். காயமோ பயிர்ச்சேதமோ நேரின், கிராம அதிகாரிகள் வனச்சரக அலுவலகத்திற்கு உடனே தெரிவித்து, பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கோர உதவுவார்களாக.