நகையும் கணக்கும்

கணக்குப் பாடவேளை வந்ததும் மாணவர் சிலருடைய முகம் வாடுகிறது. விடை தவறினால் பிறர் சிரிப்பார்களோ என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணம். ஆயினும், அதே சிரிப்பு கணக்கை விளங்கவைக்கும் கருவியாகவும் அமையும். அது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நாற்காலியின் கால்கள்

வீட்டில் பெரியோர் நேரம் கூறும்போது ‘ஐந்தே முக்கால்’ என்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒன்றை நான்கு சம பங்குகளாக்கினால் ஒரு பங்கு கால். இரண்டு பங்கு அரை. மூன்று பங்கு முக்கால். நாம் நடக்க உதவும் உறுப்புக்கும் கால் என்றே பெயர். “நாற்காலியின் கால்களைக் கூட்டினால் எவ்வளவு?” என்று ஆசிரியர் வினவுகிறார். “நான்கு” என்கின்றனர் பலர். “இல்லை, நான்கு கால் சேர்ந்தால் ஒன்று!” என்கிறாள் ஒரு மாணவி. வகுப்பு நகைக்கிறது. அப்படியானால் முக்காலிக்கு முக்கால்தான்! நகைத்தவர் எவரும் 4 × 1/4 = 1 என்பதை எளிதில் மறவார்.

இனி, ‘அரைக்கால்’ என்பது என்ன? ஒடிந்துபோன கால் அன்று. காலில் பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு. 1/2 × 1/4 = 1/8. பெருக்கிய பின்னும் விடை சிறிதாவது ஏன் என்னும் ஐயத்தை இச்சொல்லே தீர்த்துவிடுகிறது.

காயும் சட்டைகள்

கொடியில் இட்ட ஒரு சட்டை வெயிலில் காய ஒரு மணி நேரம் ஆகும். அதே கொடியில் பத்துச் சட்டைகளை ஒன்றாக இட்டால் எத்தனை மணி நேரம் ஆகும்? விரைந்து “பத்து மணி நேரம்” என்பவர், மறுகணமே தாமும் சிரித்துவிடுவார். கதிரவன் ஒரு சட்டையை உலர்த்தி முடித்தபின் அடுத்த சட்டைக்கு வருவதில்லை அன்றோ?

பத்துப் பேனாக்களின் விலை, ஒரு பேனாவின் விலையைப்போல் பத்து மடங்கு. சட்டைகள் காயும் நேரமோ அவ்வாறு பெருகுவதில்லை. எண்களைக் கண்டவுடன் பெருக்கத் தொடங்காமல், அவை நேர்விகிதத்தில் உள்ளனவா என்று முதலில் ஆராய வேண்டும். நாம் எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறொன்று. அந்த வியப்பில் சிரிப்புப் பிறக்கிறது. ‘ஏன் சிரித்தோம்?’ என்று வினவினால் கணக்கின் விதி புலப்படுகிறது.

பலாவின் சுளைகள்

காரிநாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ பழைய தமிழ்க் கணித நூல்களுள் ஒன்று. பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளைக் கணக்கிட அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முட்கள் 50 எனில் சுளைகள் 60. முட்கள் 51 எனில்? அறுபத்தொரு சுளைகளும் ஐந்தில் ஒரு பங்குச் சுளையும்! அச்சிறு துண்டு எப்பழத்தில் காய்க்கும் என்று கேட்டுச் சிரிக்கலாம். அச்சிரிப்பினூடே, இவ்விதி தருவது மதிப்பீடே என்பதும், பழத்தை அறுத்து எண்ணிப் பார்ப்பதே சோதனை என்பதும் விளங்கும்.

பழமும் இல்லை, ஆளும் இல்லை

கணித மேதை இராமானுசன் 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவருடைய பள்ளிப்பருவம் பற்றி ஒரு செய்தி கூறுவர். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்றும், மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும் என்றும் ஆசிரியர் விளக்கினாராம். பழமே இல்லாமல், ஆளும் இல்லாமல் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று சிறுவன் இராமானுசன் வினவினாராம்.

கேட்பதற்கு நகைப்பூட்டும் வினா, ஆயினும் ஆழமானது. 3 × 2 = 6 ஆதலால், 6 ÷ 3 = 2. அவ்வாறே 0 ÷ 0 காண முயல்வோம். 0 × 1 = 0; 0 × 7 = 0; 0 × 100 = 0. எந்த எண்ணும் பொருந்துவதால் விடை இதுவே என்று துணிய இயலாது. ஆகவே கணிதம் 0 ÷ 0 என்பதற்கு மதிப்பு வரையறுப்பதில்லை.

எந்தச் சிரிப்பு வேண்டும்?

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவது நகை. அது பிறக்கும் இடங்களுள் எள்ளலும் ஒன்று என்கிறார் அவர். கணக்கு வகுப்பில் விலக்கத்தக்கது அந்த எள்ளலே. ‘பத்து மணி நேரம்’ என்னும் விடையை எண்ணி எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம். அதைக் கூறியவரைச் சுட்டிச் சிரித்தல் ஆகாது. எள்ளப்பட்ட மாணவர் அடுத்த முறை கை உயர்த்தார். அவர் கேட்காமல் விட்ட வினா, இராமானுசன் கேட்டது போன்றதாகவும் இருந்திருக்கலாம். ஒருவரும் நாணாமல், அனைவரும் சிரிக்கும் வகுப்பில் கணக்கு வளரும்.

சொல்லும் பொருளும்

நகை – சிரிப்பு
எள்ளல் – இகழ்ந்து சிரித்தல்
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
ஐயம் – சந்தேகம்

சிந்தித்து எழுதுக

1. ‘அரைக்கால்’ என்பதன் மதிப்பு யாது? எவ்வாறு கண்டறிந்தீர்?
2. விடையை எண்ணிச் சிரிப்பதற்கும் விடை கூறியவரை எள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, நகைப்பூட்டும் தமிழ்க் கணக்கு ஒன்றை எழுதி வருக.