மோட்டார் போட்டால் அணையும் கணினி

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவோம். அந்த நொடியில் டியூப் லைட் ஒருமுறை கண் சிமிட்டும். மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த கணினி பட்டென்று அணைந்து, தானாக முதலிலிருந்து தொடங்கும். எங்கள் வீட்டில் சில மாதங்கள் இதே கதைதான். வைரஸ் என்றார்கள். விண்டோஸை அழித்துவிட்டு இரண்டு தடவை புதிதாகப் போட்டோம். ஒன்றும் மாறவில்லை. அதே மோட்டார், அதே கணினி. முந்தைய வருடம் வரை ஒழுங்காகத்தானே இருந்தது?

விடை, மின்சாரம் கணினிக்குள் நுழையும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருந்தது.

சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. ஒவ்வோர் ஊசலிலும் இரண்டு முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. அப்படியானால் நொடிக்கு 100 தடவை நம் வீட்டில் மின்சாரம் இல்லாமல் போய்த் திரும்புகிறது! கணினிக்கோ ஆடாத 12, 5, 3.3 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் என்றால் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த இடைவெளியை நிரப்புவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கட்டைவிரல் பருமனுள்ள கெப்பாசிட்டர். தெருக்குழாயில் தண்ணீர் நின்றாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருமே, அதே வேலைதான். 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்துக்கொண்டு, வெளியே மின்சாரம் அறவே நின்றாலும் சுமார் 16 மில்லிநொடி கணினியைத் தாங்கும். மிகக் குறைந்த நேரமாகத் தோன்றுகிறதா? 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் அதற்குள் 4.8 கோடி முறை துடித்துவிடும்.

மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கிறது. வோல்டேஜ் ஒரு கணம் சரிகிறது. புதிய கெப்பாசிட்டர் அந்தச் சரிவை விழுங்கிவிடும். ஆனால் அதனுள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. நம் ஊர்க் கோடையில், தூசி அடைத்த விசிறியோடு ஐந்தாறு வருடம் ஓடிய பெட்டியில் தொட்டி சிறுத்துப்போயிருக்கும்.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் கம்பிக் கற்றையில், பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், ஒரு கம்பி உண்டு. அதன் ஒரே வேலை, ‘வோல்டேஜ் சரியாக இருக்கிறது’ என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பது. அந்தச் சொல் நின்ற கணமே பிராசசர் வேலையைக் கைவிட்டு ஆரம்பத்துக்குப் போகிறது. குறைந்த வோல்டேஜில் தொடர்ந்தால் 0 என்பது 1 ஆகலாம். பிழையான கணக்கு ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துவிடலாம். அதற்கு இடம் கொடுக்காமல் நின்றுவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

எல்லா ரீஸ்டார்ட்டுக்கும் இது காரணமல்ல. பழுதான ராம் அல்லது டிரைவரால் வரும் கோளாற்றில் விண்டோஸ் நீலத்திரை காட்டும். ஆனால் உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடுவதால் நாம் அதைப் படிக்க முடிவதில்லை. கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும் அமைப்பை விண்டோஸில் நிறுத்திவிட்டால் நீலத்திரை நிலைத்து நிற்கும், பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். நீலத்திரையே வராமல், ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ மட்டும் பதிவாகியிருந்தால் மின்சாரத்தின் பக்கம் சந்தேகம் வலுக்கும். கணினி அணைந்தபோது வீட்டில் மோட்டாரோ ஃபிரிட்ஜோ கிளம்பியதா என்று நாலைந்து நாள் நேரம் குறித்து வையுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதன் பேட்டரியைச் சோதியுங்கள். இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’ என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். மின்சாரம் மாறும் இடைவெளி குறையும்.

எஸ்எம்பிஎஸ்தான் காரணம் என்று தெரிந்தால் பெட்டியை முழுதாக மாற்றிவிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கலாம்.