கார் ப்ளோயர் கத்துதா? சாரல் சீசனுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

குத்துக்கல்வலசையில் காரை எடுக்கும்போது வெயில். குற்றாலத்தை நெருங்கும்போது சாரல். அருவியில் நனைந்த தலையோடு நாலு பேர் ஏறிக் கதவைச் சாத்தியதும், முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடுகிறது. ப்ளோயரைப் போட்டால் டேஷ்போர்டுக்குள் 'கர்ர்ர்' என்று சத்தம். பொறுக்க முடியாமல் அணைத்துவிட்டு, ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறோம். பழைய கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு இது பழகிப்போன விஷயம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

'நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் ப்ளோயர் எதுக்கு?' என்று கேட்கலாம். பெரும்பாலான கார்களில் ஹீட்டருக்கும் ஏசிக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே ப்ளோயர் மோட்டார்தான். கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை விரட்டுவதும் அதுவே.

கண்ணாடி ஏன் வெளுக்கிறது?

நம் மூச்சிலும் ஈரத்துணியிலும் இருந்து கிளம்பும் நீராவி, மழையில் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்துளிகளாகப் படிகிறது. ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுக்கும். அந்த உலர்ந்த காற்றைக் கண்ணாடிக்குக் கொண்டு சேர்ப்பது ப்ளோயர். அது நின்றுவிட்டால் ஏசி இருந்தும் பயனில்லை. செங்கோட்டை தாண்டி, புளியரையிலிருந்து ஆரியங்காவு நோக்கி ஏறும் வளைவுகளில், எதிரே வரும் லாரி கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

முதலில் எஞ்சினை ஓட்டாமல், சாவியை மட்டும் 'ஆன்' செய்து ப்ளோயரைப் போடுங்கள். வேகத்தைக் கூட்டும்போது சத்தமும் கூடினால், பிரச்சினை ப்ளோயர் பக்கம்தான். எஞ்சின் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால் பெல்ட், கம்ப்ரசர் போன்றவற்றைப் பார்க்க வேண்டும்.

* 'படபட' சத்தம்: விசிறியில் இலை, காகிதம், எலி இழுத்துவந்த பஞ்சு சிக்கியிருக்கலாம். மோட்டாரை மாற்ற அவசியமில்லை.
* 'கீச்' சத்தம்: மோட்டாரின் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். மோட்டாரை மாற்றுவதுதான் நிரந்தரத் தீர்வு.
* அதிர்வோடு 'கர்ர்': விசிறியில் அழுக்கு ஒரு பக்கமாக அப்பியிருக்கலாம், அல்லது இதழ் உடைந்திருக்கலாம்.
* கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது: பெரும்பாலும் ரெசிஸ்டர் கோளாறு. மோட்டார் நன்றாகவே இருக்கும்.

புளிய மரம், வேப்ப மரத்தடியில் கார் நிறுத்துகிறீர்களா? முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாகத்தான் வெளிக்காற்று உள்ளே போகிறது. ஆடிக் காற்றில் உதிரும் இலைகளுக்கும் அதுதான் வழி. பல பழைய கார்களில் கேபின் ஃபில்டரே கிடையாது. அதனால் இலை நேராக விசிறியில் விழுகிறது.

மாற்றுவது எப்படி?

பல ஹேட்ச்பேக் கார்களில், முன் இருக்கைப் பயணியின் முழங்காலுக்கு எதிரே, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் மோட்டார் இருக்கும்.

1. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள்.
2. குளோவ் பாக்ஸைக் கழற்றி, மோட்டாரின் ஒயர் கப்ளரை உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கப்ளரின் பூட்டை அழுத்தினால் வந்துவிடும்.
3. ஸ்க்ரூக்களைக் கழற்றி, மோட்டாரை விசிறியோடு கீழே இறக்குங்கள். எலி எச்சம் இருக்கலாம். மாஸ்க், கையுறை அவசியம்.
4. விசிறியைச் சுத்தம் செய்து கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றி, தண்டு ஆடாமல் இருந்தால் அதையே திரும்ப மாட்டலாம். தண்டு ஆடினால் புது மோட்டார்தான்.
5. கடைக்குப் பழைய மோட்டாரையே எடுத்துப் போங்கள். கப்ளர், ஸ்க்ரூ துளைகள், விசிறி அளவு, சுற்றும் திசை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். திசை மாறினால் விசிறி சுற்றும். காற்று சரியாக வராது.

பயணி பக்கம் ஏர்பேக் உள்ள கார் என்றாலோ, டேஷ்போர்டையே இறக்க வேண்டிய மாடல் என்றாலோ மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. அங்கேயும், "முதல்ல கழட்டிக் காட்டுங்கண்ணே, அப்புறம் மோட்டார் வாங்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். உள்ளே இருப்பது ஒற்றை இலையாகக்கூட இருக்கலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

இறுகிப்போன மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும். ஃபியூஸ் போவது அதற்கான எச்சரிக்கை. அந்த இடத்தில் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் உருகும்; தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. கீச் சத்தத்துக்கு எண்ணெய் விடுவதும் தற்காலிகம்தான். நாளடைவில் எண்ணெயோடு தூசி சேர்ந்து மோட்டாரை இன்னும் இறுக்கும்.

வழியிலேயே ப்ளோயர் நின்றுவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ஜன்னல்களைக் கொஞ்சம் இறக்கி, காய்ந்த துணியால் கண்ணாடியைத் துடைத்து, தெளிவாகத் தெரிந்த பிறகே வண்டியை எடுங்கள். மலை ஏறும் திட்டம் இருந்தால் அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள். அருவி எங்கேயும் போய்விடாது.

ஜூன் மாதம் சாரல் தொடங்கும் முன், வீட்டு வாசலிலேயே ப்ளோயரை எல்லா ஸ்பீடிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.